பூட்டிக் கிடக்கும் தாத்தா வீடும் மூன்று ஏக்கரும்: கிராமச் சுற்றுலாவுக்கு எந்த வழி?

ஊரில் தாத்தா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. கொல்லைக்குப் பின்னால் ஒரு கிணறும் மூன்று ஏக்கர் நிலமும். சென்னையிலும் கோவையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு விற்க மனமில்லை. அப்படியே விட்டுவைத்தால் கரையான் விடாது. "சுற்றுலாவுக்கு ஏதாவது செய்யலாமே" என்ற பேச்சு பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது கிளம்பும். காணும் பொங்கல் கழிந்ததும் அடங்கிவிடும்.

ஏன் அடங்குகிறது என்று கேட்டால், யோசனைக்கு எங்கும் பஞ்சமில்லை. திண்ணையில் தூக்கம், பம்புசெட்டில் குளியல், களத்தில் நிலாச்சோறு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். யார் விடியற்காலையில் எழுந்து சமைப்பது, பங்காளி கையெழுத்துப் போடுவாரா, எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது, ஊர் என்ன சொல்லும் என்ற இடத்தில்தான் எல்லாம் நின்றுபோகிறது. தடையே இல்லாத வழி கிடையாது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு தடை உண்டு. எந்தத் தடையை உங்கள் குடும்பத்தால் சுமக்க முடியும் என்பதைப் பொறுத்தே தேர்வு அமையும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு வீடும் கொஞ்சம் நிலமும் வைத்திருப்பவர்களுக்கு உள்ள நான்கு வழிகளை அந்தக் கண்ணோடு இங்கே எடை போடுகிறோம்.

## எதை வைத்து எடை போடுவது

ஆண்டில் ஓடும் நாட்கள். எல்லாக் கணக்கும் இங்கேதான் தொடங்க வேண்டும். காவிரி டெல்டாவில் ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் கடைமடைக்கு வந்து நடவு முடிந்து வயல் பச்சை பிடிக்கும்வரை நகரத்துக்காரர் பார்க்க விரும்பும் காட்சி அங்கே இருக்காது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதிவரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் தாங்காது. மிஞ்சுவது மார்கழி, தை, மாசி. இடையிடையே சில நீண்ட விடுமுறைகள். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்கும் கொல்லிமலைக்கும் மாதங்கள் வேறு. ஆனால் "365 நாளில் பாதி நாள் நிறையும்" என்று எந்த ஊருக்கும் எழுதிவிட முடியாது. பெரும்பாலான கிராமங்களில் வார இறுதி மட்டுமே ஓடும்.

யாருடைய உழைப்பு. திட்டம் போடும்போது வீட்டுப் பெண்களின் உழைப்பை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. இந்தத் தொழில் இரண்டாம் ஆண்டில் நின்றுபோவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

அனுமதியும் ஆவணமும். பட்டா யார் பெயரில், கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா, நிலம் நஞ்சையா புஞ்சையா, ஊர் மலைப்பகுதிப் பட்டியலில் வருகிறதா, காட்டு எல்லை எவ்வளவு தூரம். நஞ்சையில் புதிதாகக் கட்டடம் எழுப்புவது என்றால் நிலப் பயன்பாட்டை மாற்ற ஆட்சியர்வரை போக வேண்டியிருக்கும். நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) உள்ள பழைய வீட்டைச் சீர்செய்வதில் அந்தச் சிக்கல் குறைவு.

ஊரின் சம்மதம். சட்டம் இதைக் கேட்பதில்லை. ஆனாலும் இது இல்லாமல் ஒரு பருவத்தைக்கூடத் தாண்ட முடியாது.

இவற்றோடு தொடக்கப் பணத்தையும் பின்வாங்கும் வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளை நிறுத்த நேர்ந்தால் போட்ட பணத்தில் எவ்வளவு வேறு பயனுக்கு மிஞ்சும் என்பதே பின்வாங்கும் வழி. கழிப்பறைக்குப் போட்ட பணம் வீட்டுக்கு மிஞ்சும். நீச்சல் குளத்துக்குப் போட்டது மிஞ்சாது.

கீழே வரும் ரூபாய்க் கணக்குகள் உத்தேசமானவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

## வழி 1: வீட்டிலேயே ஹோம்ஸ்டே

முதலில் ஒரு முக்கியமான தகவல். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் 1 முதல் 6 அறைகள், அதிகபட்சம் 12 படுக்கைகள் வரை பதியலாம். ஆனால் வீட்டு உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டைக் காவலாளியிடம் சாவி கொடுத்துவிட்டு சென்னையிலிருந்து நடத்துவது ஹோம்ஸ்டே ஆகாது. அது விடுதி, அதற்கான அனுமதிகளும் வேறு. பலர் அறைக்கு ஏசி மாட்டிய பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். ஊரில் அண்ணனோ சித்தப்பாவோ குடியிருக்கிறார் என்றால் மட்டுமே இந்த வழி திறந்திருக்கிறது.

பணக் கணக்கு: இரண்டு அறை, இரண்டு குளியலறை, மேற்கத்தியக் கழிப்பறை, வெந்நீர், கொசுவலை அடித்த சன்னல், மெத்தை, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 5 லட்சம் என்று வைப்போம். காலைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு 2,500 ரூபாய். முன்பதிவுத் தளத்தின் கழிவு 15 சதவீதம் என்றால் 375. சாப்பாடு, காபி 300, சலவை, சோப்பு 150, மின்சாரம் 150, உதவிக்கு வரும் ஆளுக்கு 300. கையில் நிற்பது 1,225. அறைக்கு 60 இரவு வீதம் 120 இரவு விற்றால் ஆண்டுக்கு 1,47,000. 5 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி 55,000 போக 92,000. ஓர் அறை-இரவுக்கு வீட்டுப் பெண்ணின் நேரம் 5 மணி என்றால், மணிக்குச் சுமார் 153 ரூபாய் கூலி விழுகிறது. பரவாயில்லை. இதே அறைகள் 30 இரவு வீதம்தான் நிறைந்தன என்றால் வட்டி போக மிஞ்சுவது 18,500. மணிக்கு 62 ரூபாய்! நூறு நாள் வேலைக்குப் போயிருக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னால் தப்பில்லை. ஆகவே கணக்கைத் தீர்மானிப்பது அறையின் அழகைவிட இரவுகளின் எண்ணிக்கைதான்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது கழிவுநீர்த் தொட்டி. ஐந்து பேர் வீட்டுக்குக் கட்டிய தொட்டியும் உறிஞ்சு குழியும் ஒன்பது பேர் குளித்தால் தாங்காது. டெல்டாவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடுவதால் உறிஞ்சு குழி கீழிருந்தே நிரம்பிக் கழிப்பறையில் எதிர்க்கும். விருந்தினர் இருக்கும் இரவில்தான் அது நடக்கும், ஏனென்றால் அன்றுதான் தண்ணீர் அதிகம் போகும். கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 60 அடி இடைவெளி இருக்கிறதா என்று அளந்துவிட்டு மேலே செல்லுங்கள். இல்லையென்றால் புதுக் குழிக்கு வேறு இடம் தேட வேண்டும்.

அடுத்தது மின்சாரம். வீட்டு இணைப்பில் அறைகளை ஓட்டினால் மின்வாரியம் அதை எந்தக் கட்டணப் பிரிவில் வைக்கும் என்று பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன பதில் அடுத்த உதவிப் பொறியாளர் வந்ததும் செல்லாது. இலவச விவசாய இணைப்பிலிருந்து அறைக்கோ குளத்துக்கோ ஒரு வயரைக்கூட இழுக்கக் கூடாது, இணைப்பே பறிபோகும்.

வரி விஷயத்தில் பயம் தேவைக்கு மேல் இருக்கிறது. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. அதற்குக் கீழே இருப்பவர் முன்பதிவுத் தளம் வழியாக அறை விற்றாலும், அந்த அறைக்கான வரியைத் தளமே கட்ட வேண்டும் என்பது விதி. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதம்தான். உணவு தருவதால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தெரிவிக்க வேண்டும். 'சி படிவம்' என்ற பழைய பெயரில்தான் இன்னமும் பலர் இதைச் சொல்வார்கள். இதைத் தவறவிடுவது காவல் நிலையத்தில் உங்கள் பெயரைக் கெடுத்துவிடும்.

கடனுக்கு, 2025 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கும் முத்ரா கடன் (சிறு தொழில்களுக்கான அரசுத் திட்டக் கடன்) என்று அறிவிப்பு வந்தது. நகைக்கடன் எடுத்துக் கட்டாதீர்கள். அது ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய கடன். இதுவோ மூன்றாம் ஆண்டில்தான் ஒரு நிலைக்கு வரும் தொழில்.

ஊர்ச் சம்மதத்தில் இரண்டு விஷயங்கள் வெடிக்கும். ஒன்று, குடி. உரிமம் இல்லாமல் மது பரிமாறுவது குற்றம். விருந்தினரே கொண்டுவந்து திண்ணையில் உட்கார்ந்தால் அடுத்த நாள் ஊர்க்கூட்டம் கூடும். முன்பதிவின்போதே விதியை எழுதி அனுப்புங்கள். இரண்டாவது, "யார் யாரோ வருகிறார்கள்" என்ற பேச்சு. அடையாள நகல், வருகைப் பதிவேடு, அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே ஒரு சொல் என இந்த மூன்றும் இருந்தால் பேச்சு பெரும்பாலும் அடங்கும்.

எப்போது இதுவே சரி: வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு, குறிப்பாக சமைப்பவருக்கு, இதில் மனப்பூர்வமான விருப்பம் இருந்தால். கும்பகோணம், காரைக்குடி, பொள்ளாச்சி போல ஏற்கெனவே ஆள் வந்துபோகும் ஓர் ஊரிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் இருந்தால். வரும் பணம் சமைப்பவர் கணக்குக்கே போகும் என்று முதல் நாளே முடிவாகியிருந்தால்.

## வழி 2: இரவு தங்காத பண்ணை நாள்

காலை 9 மணிக்கு வந்து மாலை 4 மணிக்குப் போய்விடும் கூட்டம். பள்ளிப் பிள்ளைகள், அலுவலகக் குழுக்கள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள். நாற்று நடுவது, மோர் கடைவது, மண்ணில் சட்டி வனைவது, மாட்டு வண்டி, வாழையிலைச் சாப்பாடு.

இதன் பெரிய பலம், படுக்கையறை அனுமதி, சலவை, இரவுக் காவல் எதுவும் இல்லை. வீட்டின் சமையலறையும் தூக்கமும் வீட்டாருக்கே. 40 பேருக்குத் தலைக்கு 400 என்றால் 16,000. சாப்பாடும் சிற்றுண்டியும் தலைக்கு 150 வீதம் 6,000, நான்கு உதவியாளர்களுக்கு 600 வீதம் 2,400, வண்டி, களிமண், நாற்று 2,000, துப்புரவு 600. மிஞ்சுவது 5,000. ஆண்டில் 30 கூட்டம் வந்தால் 1,50,000. தொடக்கச் செலவு 2 லட்சத்துக்குள் அடங்கும். இரண்டறை ஹோம்ஸ்டே 5 லட்சம் போட்டு எடுக்கும் தொகையை ஒட்டி இது நிற்கிறது.

சறுக்கும் இடம் எண்ணிக்கை. அதே பேருந்தில் 25 பேர்தான் வந்தார்கள் என்றால் வரவு 10,000, செலவு 8,750. நாள் முழுக்க ஓடி மிஞ்சுவது 1,250. அதனால் "குறைந்தது 35 பேருக்கான கட்டணம்" என்று எழுதி வாங்குங்கள். மழை விடுமுறை அறிவித்தால் தேதி மாற்றம் உண்டு, பணம் திரும்பாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பள்ளிகள் பணத்தை இழுத்தடிக்கும். பாதி முன்பணம், மீதி பேருந்து கிளம்பும் முன் என்று வைத்துக்கொள்வது நல்லது.

உண்மையான தடை பாதுகாப்பு. ஒரே ஒரு விபத்து போதும், எல்லாம் முடிந்தது. கூட்டம் வரும் முன் முடித்திருக்க வேண்டியவை:

- கிணற்றுக்கு நான்கடிக் கைப்பிடிச் சுவரும் மேலே இரும்பு வலையும். எட்டிப் பார்க்காத குழந்தை இல்லை.
- பம்புசெட் தொட்டியில் குளியல் என்றால் தண்ணீர் இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம். மோட்டாருக்கும் தொட்டியருகே உள்ள எல்லா இணைப்புகளுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) மாட்டி, மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பழைய மோட்டார்களில் கசிவு இருந்தால் அது அடிக்கடி விழும். விழுகிறது என்று அதைக் கழற்றி வைப்பதுதான் ஆளைக் கொல்லும் தவறு.
- ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு இரண்டு கழிப்பறைகள். பெண்கள் பகுதியில் மூடியுள்ள குப்பைக் கூடை. இது இல்லாத பண்ணைக்கு ஆசிரியைகள் இரண்டாம் முறை பிள்ளைகளைக் கூட்டி வரமாட்டார்கள்.
- நடக்கும் வரப்பைச் செதுக்கி வைப்பது, வைக்கோல் போரைத் தள்ளி வைப்பது. பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, எத்தனை நிமிடம் என்று எழுதிச் சுவரில் ஒட்டுவது.
- பொதுப் பொறுப்புக் காப்பீடு.

கடன் வாங்காமல் தொடங்கக்கூடிய வழி இதுதான் என்பதால் பலருக்கும் முதல் வழியாக இதைச் சொல்வோம். ஆனால் பண்ணை உண்மையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மாடு இல்லாத தொழுவத்தையும் தரிசாகக் கிடக்கும் வயலையும் காட்டி ஒரு நாளை ஓட்ட முடியாது. வேலைநாட்களில்தான் பள்ளிகள் வரும், நடவு நாளன்று கூலியாட்களோடு பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் விவசாயம் கெடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தனியாக வேண்டும். பெருநகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு மேல் இருந்தால் பள்ளிப் பேருந்து வராது. மதுரை, திருச்சி, கோவை, சேலம் சுற்றுவட்டத்துக் கிராமங்களுக்கு இது பொருந்தும். கடைமடைக் கிராமத்துக்குப் பொருந்தாது.

எப்போது இதுவே சரி: ஊரில் ஒருவர் முழுநேரம் விவசாயம் பார்க்கிறார், நகரம் பக்கம், கையிருப்பு குறைவு என்றால்.

## வழி 3: வெளி நிறுவனத்துக்குக் குத்தகை

செட்டிநாட்டு வீடுகள் போல, பெரிதாக இருந்து பராமரிக்க முடியாமல் போனவற்றுக்கு இந்த வழியைத்தான் அதிகம் பேசுகிறார்கள். நிறுவனம் பணம் போட்டுச் சீர்செய்யும், நடத்தும். உங்களுக்கு மாத வாடகை.

முதல் தடை குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. மூன்று தலைமுறை தாண்டிய வீட்டுக்குப் பத்து இருபது பங்குதாரர்கள் இருப்பது சாதாரணம். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் காலமாகி வாரிசுச் சான்று வாங்கப்படாமல். எல்லோரும் கையெழுத்திடாத ஒப்பந்தத்தை நம்பி எந்த நல்ல நிறுவனமும் பணம் போடாது. போடுகிறேன் என்று சொல்லும் நிறுவனத்தை நீங்கள் நம்பக் கூடாது. வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றுகள், வெளிநாட்டுப் பங்காளியின் பொது அதிகார ஆவணம் என்று இதற்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை போகும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். "11 மாதம், 11 மாதமாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று நிறுவனம் சொன்னால், அவர்கள் கட்டடத்தில் பெரிதாக எதையும் போடப் போவதில்லை என்று பொருள்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை எல்லோரும் பார்க்கும் வாடகைத் தொகைக்கு வெளியே இருக்கின்றன.

சீர்செய்யும் பொருள் எது என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். சில மழைக்காலத்தில் பூச்சு பெயர்ந்து செங்கலையும் சேர்த்து அரிக்கும். குத்தகை முடிந்து நிறுவனம் போய்விடும், சுவர் உங்களிடம் நிற்கும். ஆத்தங்குடித் தளம், தேக்குத் தூண், கதவு, பழைய பாத்திரம், படம் எல்லாவற்றையும் புகைப்படத்தோடு பட்டியல் எடுத்து ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.

வாடகையோடு வருமானப் பங்கும் பேசினால், முன்பதிவு மென்பொருளைப் பார்க்கும் உரிமை உங்களுக்கும் வேண்டும். இல்லையென்றால் அவர்கள் காட்டும் தாளே கணக்கு. கட்டாயக் காலம் (இடையில் விலக முடியாத காலம்) இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளரை ஒன்பது ஆண்டு கட்டிப்போட்டுவிட்டு நிறுவனம் மூன்று மாத அறிவிப்பில் விலகலாம் என்ற வரி பல வரைவுகளில் உள்ளே இருக்கும். கொரோனாக் காலம் போல மூடினால் வாடகை என்ன ஆகும், அப்போது வீட்டைத் திறந்து காற்றோட்டம் பார்ப்பது யார் என்பதையும் எழுதுங்கள். ஒரு மழைக்காலம் மூடிக் கிடந்தால் போதும், வௌவாலும் கரையானும் உள்ளே வந்துவிடும்.

ஊர்ப் பக்கம் வரும் சிக்கல் தண்ணீர். 12 அறையும் புல்வெளியும் குளமும் உள்ள விடுதி ஆழ்துளைக் கிணறு போட்டால், கோடையில் பக்கத்துக் கைப்பம்பு வறண்டதற்கு உங்கள் குடும்பத்தைத்தான் ஊர் கேட்கும். நிறுவனத்தின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. ஆழ்துளையின் ஆழம், லாரித் தண்ணீர், உள்ளூர் ஆட்களுக்கு வேலை, குலதெய்வப் படைப்புக்கு வீட்டை விட்டுத்தரும் நாட்கள் ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். வீட்டில் படைப்பு நடத்தும் குடும்பங்கள் கடைசி ஒன்றை மறந்துவிட்டுப் பிறகு தவிப்பது உண்டு.

எப்போது இதுவே சரி: ஊரில் யாருமே இல்லை, வீடு பெரிது, பங்காளிகள் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், கட்டடம் இன்னும் பத்தாண்டு நிற்க வேண்டுமானால் பெரும் பணம் தேவை என்றால். இந்த நான்கும் சேர்ந்திருந்தால் வேறு வழியைத் தேடி நேரம் கடத்தாதீர்கள். ஒவ்வொரு மழைக்கும் கூரைமரம் போகிறது.

## வழி 4: ஊர் சேர்ந்து நடத்துவது

எட்டு வீடு, வீட்டுக்கு ஓர் அறை, ஒரு பொது முன்பதிவு எண், ஒரு மேலாளர். சாப்பாடு மகளிர் குழு, வழிகாட்டல் ஊர் இளைஞர்கள். கேட்க நிறைவாக இருக்கும். இந்த நான்கில் நாம் மிகவும் விரும்புவதும், நடத்த மிகக் கடினமானதும் இதுவே.

நேபாளத்தின் சிருபாரி என்ற குருங் இனக் கிராமத்தில் 1997 முதல் இப்படி நடத்தினார்கள். விருந்தினரை வீட்டுக்காரர் தேர்ந்தெடுப்பதில்லை. குழு முறை வைத்துப் பிரித்துத் தரும். குமரகத்தில் 2008-இல் தொடங்கிய கேரளத்தின் பொறுப்புச் சுற்றுலா வேறொரு பாதையில் நுழைந்தது. அங்கே விடுதிகளுக்குக் காய்கறியும் உணவுப்பொருளும் தருவதில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் இறங்கின. ஊர் வாழ்க்கையைக் காட்டும் பயணங்களும் அதோடு வளர்ந்தன. விருந்தினர் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ஊர் அது. புதிதாகத் தேடிக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. குழுவாகத் தொடங்க நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கமும் முயற்சி நடந்தது. 2002-03 வாக்கில் தொடங்கிய மத்திய அரசின் கிராமியச் சுற்றுலாத் திட்டத்தில் காரைக்குடியும் கழுகுமலையும் இடம்பெற்றன. ஒரு கிராமத்துக்குக் கட்டமைப்புக்கு 50 லட்சம் வரை, பயிற்சிக்கும் ஆள் தயாரிப்புக்கும் 20 லட்சம் வரை என்பது அதன் வரம்பு. அந்த விகிதமே தலைகீழ் என்பது எங்கள் கருத்து. வரவேற்பு மண்டபத்தை ஆறு மாதத்தில் கட்டிவிடலாம். முன்பதிவுத் தொலைபேசியை ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணிக்கு எடுத்துப் பேசும் ஓர் ஆளை உருவாக்க மூன்று ஆண்டு ஆகும்.

அந்த ஆளுக்கான கணக்கைப் பாருங்கள். மேலாளர் சம்பளம் மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000. 2,500 ரூபாய் அறையிலிருந்து பொது நிதிக்கு 20 சதவீதம், அதாவது 500 எடுத்தால், அவர் சம்பளத்துக்கே 360 அறை-இரவு விற்க வேண்டும். எட்டு அறைக்குத் தலா 45 இரவு. முதல் இரண்டு ஆண்டுகள் இது வராது. அந்த இடைவெளியை மானியமோ நன்கொடையோ நிரப்பும். அது நின்ற மாதம் மேலாளரும் நிற்பார். மேலாளரை முதல் நாளே முழுநேரம் வைக்காமல், கல்லூரி முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவருக்கு அறைக்கு இவ்வளவு என்று பங்கு தந்து தொடங்கினால் இந்தப் பள்ளம் சிறிதாகும்.

இனி, வெளிப்படையாகப் பேசத் தயங்கும் விஷயம். எட்டு வீடு என்றால் எந்தத் தெருவில் எட்டு? ஊர்த் தெருவில் எட்டையும் எடுத்துவிட்டு, காலனிக்காரர்களைப் பறையடிக்கவும் துப்புரவுக்கும் மட்டும் கூப்பிடுவது என்றால் அதை ஊர் சேர்ந்த சுற்றுலா என்று சொல்லக் கூடாது. தொழில் முறையிலும் அது உடையும்: கூலி குறித்த முதல் மனத்தாங்கலிலேயே பாதி ஆட்கள் விலகுவார்கள். வீடுகளை நிபந்தனைப் பட்டியல் வைத்து (தனிக் கழிப்பறை, வெந்நீர், கொசுவலை) எல்லாத் தெருவிலும் தேர்ந்தெடுங்கள். தகுதி பெற வசதி இல்லாத வீட்டுக்குக் குளியலறை கட்டப் பொது நிதியிலிருந்து முதல் கடன் தாருங்கள். விருந்தினரை முறை வைத்தே பிரியுங்கள். "அந்த வீடு வேண்டாம்" என்று சாதி காரணமாகக் கேட்கும் முன்பதிவை ஏற்பதில்லை என்பதைக் குழுத் தீர்மானமாக எழுதி வையுங்கள். இந்தப் பேச்சை முதல் கூட்டத்திலேயே பேசி முடிக்க முடியாத ஊரில் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

பணத்தில் இன்னொன்று: தனிநபர் கணக்குக்கு யுபிஐ பணம் வரவே கூடாது. மகளிர் குழுவின் அல்லது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் வங்கிக் கணக்குக்கு வந்து, வாராவாரம் திங்களன்று வீடுகளுக்குப் பிரிய வேண்டும். கணக்குத் தாளைக் கோயில் வாசலிலோ ரேஷன் கடையிலோ ஒட்டுங்கள்.

எப்போது இதுவே சரி: ஏற்கெனவே ஒழுங்காக நடக்கும் மகளிர் குழு இருக்கிறது, வாங்கிய கடனைத் திருப்பிய வரலாறு இருக்கிறது, ஊருக்கென்று தனித்த ஈர்ப்பு ஒன்று (பறவைகள் கூடும் ஏரி, நெசவு, மண்பாண்டம்) இருக்கிறது என்றால்.

## கூடாரம் பற்றி ஒரு வார்த்தை

நான்கையும் விட்டுவிட்டு "தோப்பில் பத்துக் கூடாரம் அடித்தால் மலிவாக முடியுமே" என்று கேட்பவர்கள் உண்டு. காட்டை ஒட்டிய ஊர் என்றால் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ, 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய பெண் யானை தாக்கி இறந்தது. இரண்டுக்கும் பிறகு விதிகள் இறுகின; ஒழுங்காக நடத்தியவர்களும் அதில் அடிபட்டார்கள். நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் விடுதிகளை அகற்றும் உயர் நீதிமன்ற ஆணையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பட்டா நிலமாக இருந்தாலும் வழித்தடத்தில் போட்ட பணம் திரும்பாது. சமவெளித் தோப்பு என்றால் கழிப்பறைகள் கட்டிய பிறகு யோசிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஹோம்ஸ்டே | பண்ணை நாள் | குத்தகை | ஊர் சேர்ந்து |
|---|---|---|---|---|
| தொடக்கப் பணம் | 4–6 லட்சம் | 2 லட்சத்துக்குள் | ஆவணச் செலவு மட்டும் | வீட்டுக்கு 2–3 லட்சம், பொது நிதி தனி |
| ஓடும் நாட்கள் | வார இறுதி, விடுமுறை | பள்ளி வேலைநாட்கள் | உங்கள் கவலையில்லை, வருமானப் பங்கு இருந்தால் உண்டு | வார இறுதி, குழுப் பயணங்கள் |
| சுமப்பவர் | வீட்டுப் பெண்கள் | விவசாயம் பார்ப்பவர் | நிறுவன ஊழியர் | மேலாளரும் குழுவும் |
| பெரிய தடை | குடியிருக்க ஆள், கழிவுநீர் | விபத்து, எண்ணிக்கை குறைவு | பங்காளிக் கையெழுத்து | நம்பிக்கை, சாதி, மேலாளர் சம்பளம் |
| பணம் திரும்பத் தொடங்க | 3-ஆம் ஆண்டு | முதல் ஆண்டு | முதல் மாதம் | 3–4 ஆண்டு |
| நிறுத்தினால் | குளியலறைகள் வீட்டுக்கு மிஞ்சும் | கிட்டத்தட்ட நட்டமில்லை | ஒப்பந்தம் முடியும்வரை நிறுத்த முடியாது | பணத்தைவிட உறவுகளில் நட்டம் |

## முடிவெடுக்கும் முன் ஒரு பருவம்

எந்த வழியானாலும், முதல் செங்கல் வைக்கும் முன் ஒரு தை மாதத்தைச் சோதனைக்குச் செலவிடுங்கள். ஆறு வார இறுதிகள் போதும். தெரிந்தவர்களின் தெரிந்தவர்களை அழையுங்கள். சொந்தக்காரர் வேண்டாம், அவர்கள் குறை சொல்லமாட்டார்கள். வரும் குழுவிடம் சாப்பாட்டுக்கான செலவை மட்டும் வாங்குங்கள்.

அந்த ஆறு வாரமும் ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார், கையிலிருந்து என்ன செலவானது, விருந்தினர் கேட்டு நம்மிடம் இல்லாமல் போனது எது, அக்கம்பக்கத்தார் என்ன சொன்னார்கள். மூன்றாம் பத்தியில் "கழிப்பறை" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் பணம் அங்கே போக வேண்டும். முதல் பத்தியில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஹோம்ஸ்டே எண்ணத்தை அப்படியே நிறுத்தி வைத்து, அந்தப் பெயருக்குரியவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் வேண்டாம் என்றால் பண்ணை நாளுக்கு மாறலாம், சமையலை ஊரின் மகளிர் குழுவுக்குத் தந்துவிடலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டா, சிட்டா நகல் எடுக்கும் வேலையையும் அதே மாதத்தில் முடித்துவிடுங்கள். எப்படியும் பங்காளிகள் எல்லோரும் பொங்கலுக்கு ஊரில்தான் இருப்பார்கள்.